பென்சிலில் எழுதிய நாற்பது

2025 ஆகஸ்ட் 20, புதன்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். வானம் மூடியிருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. செங்கல்பட்டு நிலையத்தில் இறங்கிய இரண்டாவது நிமிடமே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எங்கள் கரூரில் வெயில் அடிக்கும், கூடவே காற்றும் அடிக்கும். இங்கே காற்று ஏரிக்கரையைத் தாண்டி வர மறுத்தது.

பெட்டி ஒன்று, துணிப்பை ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. எண்ணிக்கொண்டேன். உள்பனியனில் தைத்த பையில் பதினைந்தாயிரம் ரூபாய் இருந்தது. அதையும் தொட்டுப் பார்த்தேன். பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் மகனிடம் சொல்லியிருந்தேன். பதினைந்தாயிரம் எதற்கென்றால், வழக்கு என்று வந்தால் வக்கீலுக்குக் கொடுக்க. எழுபத்து நான்கு வயதில் எனக்கு இப்படித்தான் யோசனை ஓடுகிறது.

விஷயம் இதுதான். எஸ்தர் கடப்பாக்கம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அது தொடக்கப் பள்ளியாக இருந்த காலத்தில் நான் அங்கே தலைமை ஆசிரியர். அவள் அங்கேதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். ஆசிரியர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து ஓராண்டு நார்வேயில் ஒரு கடலோரப் பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். அவள் அங்கே இருக்கும்போது, ஏப்ரலில், அவள் மாணவர்கள் நான்கு பேர் இரண்டு வாரம் போய்த் தங்கிப் படிக்கலாம். அவள் போகாவிட்டால் அந்த நால்வரும் இல்லை.

அங்கே தங்க அனுமதி கேட்டபோது பிறப்புச் சான்றிதழையும் கேட்டார்கள். அதில் 1987 பிப்ரவரி 23. பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் 1986 மே 10. இடைவெளி 289 நாட்கள். ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு தேதி என்று கேட்டு, பள்ளியில் தேதியை எழுதியவரின் உறுதிமொழிப் பத்திரத்தை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

"நைனாதான் அப்போ தேதி மாத்திச் சொல்லிட்டாரு போல, சார். நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்" என்றாள் போனில்.

அவள் அப்பா ஆசீர்வாதம் மாற்றிச் சொல்லவில்லை. அப்போது அவர் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சீட்டை நான்காக மடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "இது வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தவன் நான். அந்த ஆண்டு பள்ளியில் முப்பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள். நாற்பது இல்லையென்றால் இரண்டாம் ஆசிரியர் பணியிடத்தை எடுத்துவிடுவார்கள் என்று ஒன்றிய அலுவலகத்தில் பேச்சு. அந்த இரண்டாம் ஆசிரியர் என் மனைவி. பணியிடம் போனால் அவளை எங்கேயோ தூக்கிப் போடுவார்கள். ஐந்து வயது முடியாத பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. நான்கு வயதுப் பெண்ணை ஐந்து வயதாக்கி நாற்பதாவதாகச் சேர்த்தேன். முப்பத்து நான்கு வருடமாக இதை யாரும் கேட்கவில்லை. இப்போது நார்வேயிலிருந்து கேட்கிறார்கள்.

எஸ்தர் ஸ்கூட்டரோடு நிலையத்துக்கு வெளியே நின்றாள். முன்னும் பின்னும் லாரி போகிற சாலையில் இரண்டு சக்கரத்தில் உட்கார என்னால் முடியாது என்றேன். "நான் முப்பதுக்கு மேல போகமாட்டேன் சார்" என்றாள். முப்பதே எனக்கு அதிகம். அவள் ஸ்கூட்டரில் முன்னே போக, நான் ஆட்டோவில் பின்னே போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே, "இன்னா பெருசு, பொண்ணு கோச்சுக்கினு போவுதா? வுடு, சமாதானம் பண்ணிக்கலாம்" என்றார்.

இட்லிக் கடையில் நான்கு இட்லி சொல்லி இரண்டு தின்றேன். இட்லி பூப்போல இருந்தது. சாம்பாரில் வெல்லம் இல்லை. காரச் சட்னி கண்ணில் நீர் வரவைத்தது. மீதி இரண்டை எஸ்தர் தின்றாள். "உங்களுக்குக் கை நடுங்குது சார், சுகரா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பதினொரு மணிக்கு நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில் நோட்டரி வக்கீலின் அறை. மாடிப்படி பத்தொன்பது, கைப்பிடி கிடையாது. வக்கீல் இல்லை, குமாஸ்தா இருந்தார். கணினியிலிருந்து தலையை எடுக்காமலே, "டேட் ஆஃப் பர்த் மேட்டர் தானே? ஃபார்மட் கீது. வாரத்துக்கு நாலு பேர் வர்றாங்க. உங்க காலத்து வாத்தியாருங்க ஊர்ல பாதிப் பேரை மே மாசத்துலயே பெத்துக் குடுத்துட்டாங்க" என்றார். எஸ்தர் சிரித்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அச்சில் வந்த தாளை வாசித்தேன். 'மேற்படி பெண்ணின் தகப்பனார் எழுத்தறிவில்லாத கூலித் தொழிலாளி ஆகையால், அறியாமையால் தவறான தேதியைக் கூறியதன் பேரில்...' என்று இருந்தது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. ஒன்று எனக்கு, ஒன்று ஆசீர்வாதத்துக்கு. பள்ளிப் பதிவேட்டின் நகலும் இணைக்க வேண்டுமாம்.

எனக்கு மூச்சு திரும்பியது. என் பெயரில் ஒரு குற்றமும் இல்லாத தாள் அது. மூன்று முறை படித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டேன். அன்று விடுதி அறையில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் வியாழன். எஸ்தர் விடியலிலேயே பள்ளிக்குப் போயிருந்தாள். நான் கடப்பாக்கம் பஸ் ஏறினேன். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். "இதுக்கு நான் பஸ்ஸையே வித்துத்தான் சில்லறை தரணும்" என்றார் கண்டக்டர். பின்னாலிருந்த மீன்காரம்மா ஒருவர் மாற்றிக் கொடுத்தார். ஐந்து நூறு ரூபாய்த் தாள்கள். இரண்டு முறை எண்ணினேன். "எண்ணு எண்ணு, நான் ஓடியா போயிடுவேன்?" என்றார் அந்த அம்மா.

செய்யூரைத் தாண்டியதும் பின் டயர் போனது. வயல் நடுவே நாற்பத்திரண்டு பேர் இறங்கி நின்றோம். அரை மணி கழித்து ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. டிரைவரைச் சேர்த்து ஒன்பது பேர். என் ஒரு கால் வெளியே தொங்கியது. கிழக்கே கடல் ஒரு கோடாகத் தெரிந்தபோது எல்லோரும் போனை எடுத்தார்கள். நான் கம்பியைப் பிடித்தேன்.

பள்ளிக்கு மாடி கட்டியிருக்கிறார்கள். இப்போதைய தலைமை ஆசிரியை எழுந்து நின்று வரவேற்றார். ஏழாம் வகுப்பில் திரை ஒன்று தொங்கியது. திரையில் நார்வேயின் வெள்ளை முடிப் பிள்ளைகள், இங்கே முப்பத்தொரு பிள்ளைகள். இரண்டு பள்ளிகளும் ஒரே நாளில் தங்கள் கடல்நீரின் வெப்பத்தை அளந்து ஒப்பிடுகின்றன. இங்கே இருபத்தொன்பது டிகிரி, அங்கே பதினான்கு.

"அவ்ளோ குளுருல மீனு எப்டி மிஸ் உயிரோட கீது?" என்றாள் முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட யாழினி. எஸ்தர் அதை ஆங்கிலத்தில் கேட்டாள். திரையிலிருந்த பையன் ஏதோ சொன்னான். எஸ்தர் தமிழில் சொன்னாள்: "எங்க மீன் உங்க தண்ணிக்கு வந்தா வெந்துபோயிடும், உங்க மீன் எப்படி அங்க இருக்குதுன்னுதான் எங்களுக்குப் பயமா இருக்குன்றான்." வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தப் பையனும் சிரித்தான். எங்கள் கரூரிலிருந்து துண்டும் போர்வையும் கப்பல் கப்பலாக வெளிநாடு போகின்றன. அவற்றிடம் யாரும் பிறந்த தேதி கேட்பதில்லை.

வகுப்பு முடிந்ததும் யாழினி என்னிடம் வந்தாள். ஏப்ரலில் போகிற நால்வரில் அவள் ஒருத்தி. "தாத்தா, நீங்க கையெழுத்து போட்டாத்தான் மிஸ்ஸு போவாங்களாமே. போட்டுட்டீங்களா?"

"போடத்தான் வந்திருக்கிறேன்."

"பேனா கீதுல்ல?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

தலைமை ஆசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, நகல் எடுக்கும் இயந்திரத்துக்குத் தாள் தேடப் போனார். முனை மடங்கிய நீளப் பதிவேடு. என் கையெழுத்து, நீலக் கறுப்பு மை. அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர். அதில் மே மாதம் பிறந்தவர்கள் ஒன்பது. கடைசி வரியில் எஸ்தர். அவள் பெயருக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் 40 என்று எழுதி வட்டம் போட்டிருந்தேன். கணக்கு முடிந்த சந்தோஷத்தில் போட்ட வட்டம். நன்றாக உருண்டையாக இருந்தது.

மேஜை மேல் ஒரு ரப்பர் கிடந்தது. எடுத்தேன். பென்சில்தானே, நான்கு தேய்ப்புப் போதும். கை அந்த வட்டத்தின் மேலே போய் நின்றது. நடுக்கத்தில் தாளே கிழிந்துவிடுமோ என்று பயம். கிழிந்தால் அதற்கு இன்னொரு வழக்கு. என் மனைவி அந்த வருடம் ஒன்றாம் வகுப்பு நடத்தினாள். "இந்த எஸ்தருக்குப் பென்சிலே பிடிக்க வரலைங்க. நாலு வயசுதான் இருக்கும்" என்று தினமும் என்னிடம் சொல்வாள். "ஐந்து முடிந்துவிட்டது, பதிவேட்டில் இருக்கிறது" என்பேன். அவள் போய் ஆறு வருடமாகிறது. அவளிடமும் நான் சொல்லவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். ரப்பரை இருந்த இடத்தில் வைத்தேன். தலைமை ஆசிரியை நகல் எடுத்துக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பென்சில் கோடு மங்கியிருந்ததால் நகலில் அது விழவே இல்லை. வெறும் வெள்ளை. அழிக்காமலே அழிந்துவிட்டது. மத்தி மீன் குழம்போடு சாப்பாடு போட்டார்கள். முள்ளுக்குப் பயந்து நான் வழக்கமாக மீனைத் தொடுவதில்லை. அன்று இரண்டு மீன் சாப்பிட்டேன்.

நாலரை மணிக்கு எஸ்தரும் நானும் மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினோம். ஆசீர்வாதம் அங்கே கடலோர விடுதி ஒன்றில் வாட்ச்மேன். பஸ் ஊருக்குள் போகாது. ஊர்த் திருப்பத்தைத் தாண்டிக் கொண்டுபோய் எங்களை இறக்கிவிட்டார்கள். நெடுஞ்சாலையைக் கடக்க ஒன்பது நிமிடம் ஆனது. எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஊருக்குள் வாழைப்பழ அப்பம் இருநூற்று இருபது ரூபாய் என்று பலகையில் எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு வெளிநாட்டுத் தம்பதி தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். 'ஆட்டோக்காரர் நம்மை ஏமாற்றிவிட்டார்' என்றார் கணவர். 'ஏமாற்றினாலும் சிரித்துக்கொண்டே ஏமாற்றினார்' என்றார் மனைவி.

ஆசீர்வாதம் நீலச் சட்டை, விசில் கயிறு, நரைத்த மீசையோடு கேட்டருகே நின்றார். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"வாங்க சார். இன்னா சார் இப்டி எளச்சிட்டீங்க? டீச்சரம்மா போனதுக்கு வர முடியல சார், லீவு குடுக்கல."

டீ வாங்கி வந்தார். அவருக்கு ஒரு ஸ்டூல், எனக்கு நாற்காலி. எஸ்தர் என் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். "நைனா, இங்க ஒரு கையெழுத்து." அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நான் எண்ணினேன், பதினாறு வரி. ஏழாவது வரியில் விரல் நின்றது.

"இது யாரு எழுதினது?"

"அது ஃபார்மட் நைனா. எல்லாருக்கும் இப்டித்தான் எழுதுவாங்க."

"எழுத்தறிவில்லாத... அறியாமையால... நான் இதைப் படிச்சிக்கினு கீறேன்ல? படிக்கறவன் எப்டி எழுத்தறிவில்லாதவன் ஆவான்? கோயில்ல சாயங்காலம் ஒக்காந்து படிச்சது, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே."

"நைனா, நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். நம்மளுக்கு வேலை ஆனா சரி."

"உன்கூட வேலை செய்யப்போற வெள்ளைக்காரன் இதைப் படிப்பான்ல? உன் அப்பனுக்குப் பெத்த பொண்ணு தேதி தெரியாதுன்னு படிப்பான்ல? போட மாட்டேன் போ."

"அப்போ தப்பு எப்டி வந்துச்சுன்னு நீயே சொல்லு!" எஸ்தரின் குரல் உயர்ந்தது. விடுதிக்குள் போன கார் ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது. "உன் ரோஷத்துல என் நாலு பசங்களும் போவ முடியாது, தெரியுமா?"

ஆசீர்வாதம் என்னைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்தார். "நான் சொல்ல மாட்டேன்" என்றார். "சொல்றவங்க சொல்லட்டும்."

எஸ்தர் எழுந்து சாலைப் பக்கம் போய் நின்றாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் டீயைப் பார்த்தேன். ஆடை கட்டியிருந்தது. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, மகன் முகம், கரூரில் தெருக்காரர்கள் என்று வரிசையாக வந்தன. என் மேல் குற்றமில்லாத தாள் ஆசீர்வாதத்தின் மடியில் இருந்தது. அதில் என் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பச் சொல்லலாம். பென்சில் கோடுதான் நகலில் விழவில்லையே.

"ஆசீர்வாதம், அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறதா?" என்றேன்.

"கீது சார். பைபிள்ள வெச்சிருக்கேன். நீங்க வேணாம்னு குடுத்தீங்கல்ல, அன்னிக்கி வெச்சது."

எழுந்து போனேன். கேட்டிலிருந்து அவள் நின்ற இடத்துக்கு இருபத்தாறு அடி. எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தொன்பது, நாற்பது, என் மனைவி, சீட்டு, வட்டம், ரப்பர். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அப்பாவிடம் போய், அவர் தோளில் விரல் முனையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, டீக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனாள்.

அன்று அவள் அத்தை வீட்டில் தங்கினோம். என் முகத்தைப் பார்க்காமலே அவள் தட்டில் சோறு போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மூவரும் செங்கல்பட்டு பஸ்ஸில். ஆசீர்வாதம் சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று லீவு போட்டுவிட்டார். திருக்கழுக்குன்றம் வரை எஸ்தர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு திரும்பி, "நாப்பதாவது ஆளா நான்?" என்றாள்.

"ஆமாம்."

"அதனாலதான் டீச்சரம்மா என்னைய மடியிலயே வெச்சிருந்தாங்களா? நான் என்னவோ என்மேல பிரியம்னு நெனச்சேன்."

"அவளுக்கு இது தெரியாது. பிரியம்தான்."

அவள் தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "சர்வீஸ் புக்ல உங்க தேதிதான். அறுபது முடிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எரநூத்தி எண்பத்தொம்போது நாள் சம்பளம் நீங்க எனக்குத் தரணும் சார்" என்றாள். சிரித்தாளா என்று பார்த்தேன். பாதி சிரித்தாள். முன் சீட்டிலிருந்து ஆசீர்வாதம், "வட்டியும் போடு" என்றார்.

பத்தொன்பது படி ஏறினோம். முத்திரைத்தாளில் என் கையாலேயே எழுதினேன். தகப்பனார் சரியான தேதியைச் சீட்டுடன் சொன்னார் என்றும், நான் அறிந்தே வேறு தேதியை எழுதினேன் என்றும், காரணம் பள்ளியின் எண்ணிக்கை என்றும், இரண்டு தேதிகளும் ஒரே பெண்ணுக்குரியவை என்றும் எழுதினேன். பதினொரு வரி. குமாஸ்தா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா சார், உங்க தலைல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கறீங்க? யாராவது கேள்வி கேட்டா பேஜாரு. பழைய ஃபார்மட்டே போட்டுடலாம். சின்னதா முடிஞ்சிடும்."

"இதுவும் சின்னதுதான்" என்றேன். கையெழுத்துப் போடும்போது பேனா வழுக்கி, என் பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. நோட்டரி முத்திரை குத்திய சத்தத்துக்கு நான் துள்ளினேன். ஆசீர்வாதம் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுத்து என்னுடையதைவிட நேராக இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டையும் சேர்த்து மூன்று மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு எஸ்தர் அனுப்பிவிட்டாள்.

ரயில் நிலையத்தில் ஆசீர்வாதம் ஒரு பொட்டலம் கொடுத்தார். முள்ளில்லாத கருவாடு என்றார். கருவாட்டில் முள் இல்லாமல் இருக்குமா என்று வழி முழுவதும் சந்தேகமாக இருந்தது.

செப்டம்பர் கடைசியில் எஸ்தருக்கு அனுமதி வந்தது. போனில் பின்னாலிருந்து யாழினி கத்தியது கேட்டது. வேறு எந்த அலுவலகத்திலிருந்தும் எனக்கு இதுவரை கடிதம் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதமும் ஓய்வூதியம் வந்துவிட்டது. ஆனாலும் தபால்காரர் தெருவில் திரும்பினால் நான் உள்ளே போய்விடுகிறேன். மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "பணத்தைப் பனியனில் வைத்தா தைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டான்.

289 நாள் சம்பளம் எவ்வளவு ஆகும் என்று மட்டும் நான் பெருக்கிப் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை. அதை விட்டுவிட்டால், ரயில், பஸ், ஆட்டோ, விடுதி, சாப்பாடு, நகல், முத்திரைத்தாள், நோட்டரி எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 3,264 ரூபாய்.